தொண்டைப் புண் எல்லாம் புற்று நோய் ஆகுமா?

குரல் கம்முகிறது. தொண்டையில் முள் சிக்கிக் கொண்டது போல இருக்கிறது. சோறு இறங்கும்போது வலிக்கிறது.

ஒரு வாரம் பார்க்கிறார்கள். சுக்குக் கஷாயம் குடிக்கிறார்கள். பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் குடிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறார்கள். மூன்று வாரம் ஆகியும் குரல் திரும்பவில்லை.

டாக்டரிடம் போகிறார்கள். அவர் குழாய் விட்டுப் பார்க்கிறார். "குரல் நாணில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சதையும் தடித்திருக்கிறது" என்கிறார்.

அவ்வளவுதான்! அன்று வீட்டில் அடுப்பு எரிவது இல்லை. டாக்டர் "புற்று" என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஆனால், தெரு முழுவதும் அந்தப் பேச்சு பரவி விடுகிறது.

இந்தப் பயத்தால் இரண்டு விதமான கேடு உண்டாகிறது.

சிலர், "புற்று நோய்க்கு ஏது மருந்து?" என்று சொல்லி, அதன் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போவது இல்லை.

வேறு சிலர், "இது வெறும் சூட்டுப் புண்" என்று தங்களுக்குத் தாங்களே தைரியம் சொல்லிக் கொள்கிறார்கள். மாதக் கணக்கில் காலத்தைக் கடத்துகிறார்கள்.

இரண்டு பேரும் செய்வது ஒரே காரியம்தான். சாட்சியை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள்!

புற்று நோயைப் போலவே வேஷம் போடும் நோய்கள் உண்டு. அவற்றில் ஒன்று, தொண்டையில் வளரும் பூசணம். அதை மருந்து கொடுத்தே குணப்படுத்தலாம்.

ஆகவே, சதைத் துண்டை எடுத்துச் சோதித்துப் பார்க்காமல், "புற்று நோய்தான்" என்றும் முடிவு கட்டக் கூடாது. "புற்று நோய் இல்லவே இல்லை" என்றும் முடிவு கட்டக் கூடாது. அப்படிச் சோதிக்கும்போது, பூசணத்தையும் தேட வேண்டும்.

இதுதான் நான் சொல்ல வருவது.

பூசணம் என்றால் என்ன?

ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகிறது? சில நாளில் மேலே வெள்ளையாகப் பூக்கிறது. மழைக் காலத்தில் மூலையில் கிடக்கும் தோல் செருப்பின் மேல் பச்சையாகப் படர்கிறது. பழைய ரொட்டியில் பஞ்சு போல வளர்கிறது.

இதுதான் பூசணம். டாக்டர்கள் இதைப் பூஞ்சைக் காளான் என்று சொல்கிறார்கள். நாம் சுருக்கமாகக் காளான் என்றே சொல்வோம்.

மழைக்குப் பிறகு குப்பை மேட்டில் குடை பிடித்து நிற்கிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும் இந்தக் குடும்பம்தான். தோலில் வரும் தேமலும், படர்தாமரையும் இந்தக் குடும்பத்தின் வேலைதான்.

இந்தக் குடும்பத்தில் "காண்டிடா" என்று ஒன்று இருக்கிறது. அது நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் எப்போதும் குடியிருக்கிறது. நல்ல ஆரோக்கியமானவர்களிடமும் உண்டு. அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

வீட்டுக்காரர் பலமாக இருக்கும் வரை, குடித்தனக்காரர் அடங்கிக் கிடப்பார். வீட்டுக்காரர் படுத்து விட்டால், கூடத்திலும் சாமான்களைப் பரப்பி விடுவார். காண்டிடாவின் கதையும் இதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தால், அது தலை தூக்குகிறது. வாயில் இருந்து தொண்டைக்கும், குரல் நாணுக்கும் போகிறது.

யாருக்கு வரும்?

முதல் இடம் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் காளான் செழித்து வளர்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக, 2023-ம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. ஆகவே, இது யாருக்கோ எங்கேயோ வருகிற நோய் அல்ல.

இரண்டாவது, ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு கலந்த "இன்ஹேலர்" உறிஞ்சுகிறவர்கள். மருந்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கி விடுகிறது. தங்கிய இடத்தில் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அங்கே காளான் குடியேறுகிறது.

இதைப் படித்து விட்டு இன்ஹேலரைத் தூக்கி எறிந்து விடாதீர்கள்! அது மூச்சைக் காக்கும் மருந்து. உறிஞ்சியதும் வாயையும் தொண்டையையும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துத் துப்புங்கள். டாக்டரிடம் கேட்டு, மருந்தை நேராக உள்ளே செலுத்தும் "ஸ்பேசர்" குழாயையும் வைத்துக் கொள்ளுங்கள். அது போதும்.

இன்னும் சிலரும் உண்டு. நீண்ட நாள் ஆண்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்கள், புற்று நோய்க்கு மருந்தும் கதிர் சிகிச்சையும் பெற்றவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள் ஆகியோருக்கும் இது வரலாம்.

கடைசியில் சொன்ன பெயரைக் கவனியுங்கள். பீடி சிகரெட்! தொண்டைப் புற்று நோய்க்கும் அதுதான் முதல் காரணம். ஒரே ஆளுக்கு இரண்டில் எதுவும் வரலாம். ஆளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது.

ஒரே வேஷம்

நோயின் அடையாளத்தை வைத்தாவது சொல்லலாமா? அதுவும் முடியாது.

புற்று நோயில் குரல் கம்மும். காளானிலும் கம்மும். புற்று நோயில் விழுங்கினால் வலிக்கும். காளானிலும் வலிக்கும். இரண்டிலும் இருமல் வரலாம். உடம்பு இளைக்கலாம். மூச்சு முட்டலாம்.

குழாய் விட்டுப் பார்த்தால், இரண்டிலும் வெள்ளைப் படை தெரியலாம். குழிந்த புண் தெரியலாம். பூக்கோசு போலத் தடித்த சதையும் தெரியலாம். போதாத குறைக்கு, தொண்டையில் வரும் காச நோயும் இதே வேஷம் போடும்!

உயிருள்ள மனிதனின் குரல் நாணைக் கண்ணாடியில் பார்க்கும் வழியைக் காட்டியவர் டாக்டர் அல்ல. அவர் ஒரு பாட்டு வாத்தியார்! அவர் பெயர் மானுவல் கார்சியா. 1854-ம் ஆண்டில், பாரிஸ் நகரில், பல் டாக்டரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்தார். சூரிய வெளிச்சத்தை அதன் மேல் பாய்ச்சினார். தன் குரல் நாண் ஆடுவதைத் தானே பார்த்தார்.

அன்று முதல் இன்று வரை கருவிகள் எவ்வளவோ முன்னேறி விட்டன. குழாயின் நுனியில் காமிரா வந்து விட்டது. டெலிவிஷன் திரையில் தொண்டை பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும், கண் சொல்வது "சந்தேகம்" வரைதான். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கண்ணுக்கு இல்லை.

அந்த அதிகாரம் சதைத் துண்டுக்குத்தான் உண்டு. சந்தேகமான இடத்தில் இருந்து துணுக்கு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதை "பயாப்சி" என்று சொல்கிறார்கள்.

கத்தி பட்டால் பரவுமா?

பயாப்சி என்றதும் நம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். "கத்தி படக் கூடாது. பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவி விடும்!"

இந்தப் பேச்சை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப் போட்டவர்கள் ஏராளம். தொண்டையில் துணுக்கு எடுப்பதால் புற்று நோய் பரவும் என்று பயந்து ஓட வேண்டியது இல்லை. நோய் பரவுவது காலம் கடத்துவதால்தான்.

"பயாப்சி எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நோய் முற்றியது" என்று சிலர் சொல்வது உண்டு. பயாப்சிக்கே அவர்கள் தாமதமாக வந்தார்கள் என்பதை யாரும் சொல்வது இல்லை.

மைக்ராஸ்கோப்பையும் ஏமாற்றும்!

சரி, துணுக்கு எடுத்தாகி விட்டது. இனி உண்மை தெரிந்து விடும் அல்லவா? பெரும்பாலும் தெரிந்து விடும். ஆனால், சில காளான்கள் மைக்ராஸ்கோப்பையே ஏமாற்றி விடும்.

அமெரிக்காவில் மிசிசிப்பி, ஒஹையோ ஆறுகளின் பக்கத்திலும், பெரிய ஏரிகளின் பக்கத்திலும் "பிளாஸ்டோமைக்கோசிஸ்" என்று ஒரு காளான் நோய் உண்டு. 1894-ம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து டாக்டர் கில்கிறிஸ்ட் இதை முதன் முதலில் எடுத்துச் சொன்னார். ஈர மண்ணில் வாழும் காளான், மூச்சுக் காற்றோடு உள்ளே போகிறது. நுரையீரல், தோல், எலும்பு என்று பல இடங்களைத் தாக்குகிறது. சில சமயம் குரல்வளையையும் தாக்குகிறது.

காளான் உள்ளே புகுந்ததும், மேல் சவ்வு எரிச்சல் அடைகிறது. அது தடிக்கிறது. விரல் விரலாகக் கீழே இறங்குகிறது. புற்று நோயிலும் மேல் சவ்வு இப்படித்தான் கீழே இறங்கும். மேலாகக் கிள்ளி எடுத்த சிறு துணுக்கை மட்டும் பார்த்தால், அனுபவசாலியான டாக்டரும் "புற்று" என்று எழுதி விடலாம். காளான் ஒளிந்திருக்கும் ஆழமான இடம் அந்தத் துணுக்கில் வந்திருக்காது!

இது வெறும் கற்பனை அல்ல. இந்த நோயைப் புற்று என்று நினைத்துக் குரல்வளையையே எடுத்து விட்ட சம்பவங்களும், கதிர் சிகிச்சை கொடுத்த சம்பவங்களும் அமெரிக்க மருத்துவ ஏடுகளில் பதிவாகி இருக்கின்றன.

குரல்வளையை எடுப்பது என்றால் என்ன தெரியுமா? கழுத்தில் ஒரு துவாரம் போடுவார்கள். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். இயற்கைக் குரல் போய் விடும். உண்மையான புற்று நோய்க்கு அந்த ஆபரேஷன் உயிர்ப் பிச்சை. அதைச் செய்யும் டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், மருந்தில் தீர வேண்டிய நோய்க்குக் குரலைப் பறி கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

பேரக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. சந்தையில் கூவி விற்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாது. போன குரலைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

காட்டிக் கொடுக்கும் வெள்ளி

இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது.

சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன்பு அதற்குச் சாயம் ஏற்றுவார்கள். வழக்கமான சாயத்தில் சதை இளஞ்சிவப்பாகவும், உள்ளே இருக்கும் கரு ஊதாவாகவும் தெரியும். இந்தச் சாயத்தில் காளான் சில சமயம் கண்ணுக்கே படாது.

வெள்ளி கலந்த ஒரு சாயம் இருக்கிறது. கோமோரி என்ற விஞ்ஞானி வகுத்த வெள்ளிச் சாய முறையை, கிரோகாட் என்பவர் காளானைத் தேடுவதற்காகத் திருத்தி அமைத்தார். 1955-ம் ஆண்டில் அதை வெளியிட்டார். இந்தச் சாயத்தை ஏற்றினால், சுற்றிலும் உள்ள சதை பச்சையாகத் தெரியும். காளான் மட்டும் கன்னங்கறேல் என்று தெரியும். வயலுக்குள் புகுந்த எருமை மாடு போல, அது தப்பிக்கவே முடியாது!

இந்தச் சோதனை சில மணி நேர வேலைதான். ஏற்கனவே எடுத்த துணுக்கிலேயே செய்யலாம். நோயாளியை மறுபடியும் படுக்க வைக்க வேண்டியது இல்லை. ஆனால், "காளானையும் பாருங்கள்" என்று யாராவது சொன்னால்தான் பல இடங்களில் செய்கிறார்கள்.

இன்னும் ஒரு விஷயம். துணுக்கு எடுத்ததும் அதைப் பார்மலின் என்ற திரவத்தில் போட்டு அனுப்புவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது அவசியம். ஆனால், பார்மலினில் விழுந்த காளான் செத்துப் போகும். செத்த விதை முளைக்குமா?

காளானை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால், இன்னொரு துணுக்கைச் சுத்தமான உப்பு நீரில் தனியாக அனுப்ப வேண்டும். சில காளான்கள் வளர்வதற்கு நாலு வாரம், ஆறு வாரம் கூட ஆகும். ஆனால், வளர்ந்து விட்டால் அது இன்னது என்று பெயரோடு சொல்லி விடலாம். மருந்தையும் சரியாகத் தேர்ந்து எடுக்கலாம்.

"எந்த ஊர்?" என்று கேளுங்கள்

அமெரிக்கக் காளானைப் பற்றி நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டிலும் இதற்கு உறவினர் உண்டு.

பனாமாக் கால்வாய் வெட்டிய காலத்தில், அங்கே வேலை பார்த்த டாக்டர் டார்லிங் என்பவர், இறந்து போன கூலியாள் ஒருவரின் உடலைச் சோதித்தார். காச நோய் என்று எதிர்பார்த்தார். ஆனால், அங்கே இருந்தது வேறு ஒரு புதிய நோய். அதை 1906-ம் ஆண்டில் வெளியிட்டார். அதுதான் "ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்". அதை உண்டாக்குவது காளான்தான் என்பது 1934-ம் ஆண்டில், அதை வளர்த்துப் பார்த்தபோது உறுதி ஆயிற்று.

இந்தியாவில் இந்த நோய் 1954-ம் ஆண்டில் கல்கத்தாவில் இருந்து முதலில் வெளியிடப்பட்டது. கங்கைச் சமவெளியில், முக்கியமாக வங்காளத்தில், இது அதிகம். மற்ற மாநிலங்களிலும் தென்படுகிறது. பறவை எச்சமும் வௌவால் எச்சமும் கலந்த மண்ணில் இந்தக் காளான் வாழ்கிறது. தூசியோடு உள்ளே போகிறது. உடம்பு பலவீனமானால் வாயிலும் தொண்டையிலும் புண்ணாக வெடிக்கிறது. பார்த்தால் புற்று நோய் போலவே இருக்கும்!

பிரேசில் நாட்டில் இன்னொரு உறவினர். 1908-ம் ஆண்டில் டாக்டர் லுட்ஸ் கண்டுபிடித்தார். வயலில் வேலை செய்யும் ஆண்களுக்கு இது அதிகமாக வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் புகை பிடிக்கிறவர்கள். குரல் கம்மி வருகிறார்கள். பார்த்தவுடன் "புகை பிடிக்கிற ஆள், புற்று நோய்தான்" என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம்!

ஆகவே, ஒரு நோயாளி எந்த ஊர், எங்கே வேலை பார்த்தார், பழைய கட்டிடத்தை இடித்தாரா, வௌவால் குகைக்குள் போனாரா, கோழிப் பண்ணையைச் சுத்தம் செய்தாரா என்று டாக்டர் கேட்பது வீண் பேச்சு அல்ல. நோயைக் கண்டுபிடிக்கும் துப்பு. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வட நாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

சக்கரவர்த்தியின் தொண்டை

இதுவரை சொன்னதைக் கேட்டு, "எனக்கும் காளானாகத்தான் இருக்கும்" என்று யாரும் நிம்மதியாகத் தூங்கி விடக் கூடாது. நம் நாட்டில் தொண்டைப் புற்று நோய் சர்வ சாதாரணம். தொண்டைக் காளான் அதை விடக் குறைவு. காளானோ என்று காத்திருந்து புற்றை முற்ற விட்டால், அது இன்னும் பெரிய கேடு.

இதற்கு ஒரு சரித்திரக் கதை உண்டு.

1887-ம் ஆண்டு. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரடெரிக்குக்குக் குரல் கம்மியது. அவர் விக்டோரியா மகாராணியின் மருமகன். ஜெர்மன் டாக்டர்கள், "இது புற்று. கழுத்தைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்றார்கள். லண்டனில் இருந்து மெக்கன்ஸி என்ற பிரபல தொண்டை டாக்டரை வரவழைத்தார்கள். அவர், "முதலில் துணுக்கு எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

அந்தத் துணுக்குகளைப் பரிசோதித்தவர் சாமானியமானவர் அல்ல. உலகப் புகழ் பெற்ற விர்ச்சோ! அவர் பார்த்த துணுக்குகளில் புற்று நோய் தென்படவில்லை. ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. எல்லோரும் மகிழ்ச்சி அடைந்தார்கள்.

மாதங்கள் ஓடின. நோய் நிற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில், அது புற்று நோய்தான் என்று தெளிவாகி விட்டது. 1888-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் சக்கரவர்த்தி ஆனார். அப்போது அவரால் பேசவே முடியாது. 99 நாள்தான் ஆண்டார். ஜூன் 15-ந் தேதி இறந்து போனார்.

துணுக்கு எடுத்தது தவறா? இல்லை! ஒரு துணுக்கில் "இல்லை" என்று வந்ததும் திருப்தி அடைந்ததுதான் தவறு. துணுக்கு பேசுவது துணுக்கைப் பற்றி மட்டும்தான். பக்கத்து இடத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

காளான் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஏன் என்றால், புற்று நோயின் மேலேயே காளான் படர்வது உண்டு. மேலே எடுத்த துணுக்கில் காளான் இருக்கும். கீழே புற்று இருக்கும். "காளான்தான்" என்று சந்தோஷப்பட்டு மருந்தை விழுங்கிக் கொண்டிருந்தால் ஆபத்து. மருந்து கொடுத்த பிறகு மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். புண் முழுவதும் ஆறாவிட்டால் மறுபடியும் துணுக்கு எடுக்க வேண்டும். அதுவும் ஆழமாக எடுக்க வேண்டும்.

மருந்து இருக்கிறது

காளான்தான் என்று உறுதியாகி விட்டால் பயம் வேண்டாம்.

காளானைக் கொல்லும் முதல் நல்ல மருந்துகளில் ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்பது அவர்கள் பெயர். ஒருவர் நியூயார்க் நகரில் வேலை பார்த்தார். இன்னொருவர் ஆல்பனி நகரில் இருந்தார். மண் மாதிரிகளையும் மருந்துகளையும் தபாலில் அனுப்பி அனுப்பியே ஆராய்ச்சி செய்தார்கள்! ஒரு பண்ணையின் மண்ணில் இருந்து 1950-ம் ஆண்டில் "நிஸ்டாட்டின்" பிறந்தது. நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அதனால் கிடைத்த ராயல்டிப் பணத்தை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. விஞ்ஞான ஆராய்ச்சிக்கே கொடுத்து விட்டார்கள்.

இன்று அதை விட வலுவான மருந்துகள் வந்து விட்டன. காண்டிடாவுக்குப் "புளுகனசோல்" மாத்திரை. சில வாரங்களில் குரல் திரும்புவது உண்டு. ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் போன்றவற்றுக்கு "இட்ராகனசோல்". அதை மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். நோய் கடுமையாக இருந்தால், முதலில் "ஆம்போடெரிசின்" என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்துவார்கள்.

இவற்றை நீங்களே மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஈரலைப் பாதிக்கலாம். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால், சர்க்கரை திடீர் என்று இறங்கி மயக்கம் வரலாம். குரல் திரும்பியதும் பாதியில் நிறுத்தவும் கூடாது. வேர் இருந்தால் மறுபடியும் முளைக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்ஹேலர் உறிஞ்சுகிறவருக்கு வெள்ளைப் படை மட்டும் இருந்தால், முதலில் காளான் மருந்து கொடுத்துப் பார்ப்பது தவறு அல்ல. ஆனால், நாள் குறித்துக் கொடுங்கள். "இந்தத் தேதியில் வந்து மறுபடியும் காட்ட வேண்டும்" என்று சீட்டிலேயே எழுதுங்கள். ஏழை நோயாளி, வலி குறைந்ததும் வராமல் இருந்து விடுவார்.

பயாப்சிக்கு அனுப்பும் சீட்டில், "சந்தேகம்: புற்று" என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்புகிற வழக்கம் நிற்க வேண்டும். சர்க்கரை உண்டா, இன்ஹேலர் உண்டா, எந்த ஊர், என்ன தொழில் என்று நாலு வரி எழுதினால், மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் திறக்கும்.

பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டைத் துணுக்கில் புற்று உறுதியாகத் தெரியாதபோது, காளான் சாயத்தையும், காச நோய்ச் சாயத்தையும் கேட்காமலே போட்டுப் பாருங்கள். "காளான் தேடப்பட்டது, இருக்கிறது" அல்லது "இல்லை" என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கட்டும்.

சர்க்காருக்கு ஒரு வேண்டுகோள். பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் இந்த வசதி இருக்கிறது. ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இது தவறாமல் இருக்க வேண்டும். இதற்கு மாளிகை கட்ட வேண்டாம். சாயமும், பயிற்சி பெற்ற ஆளும் போதும்.

கடைசியாக, குடும்பத்தாருக்கு. உங்கள் கையில் இருக்கும் காரியங்கள் இவை:

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மி இருந்தால், கை வைத்தியத்தை நிறுத்தி விட்டுக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போங்கள்.

சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இன்ஹேலரையும் மறக்க வேண்டாம்.

பயாப்சி அறிக்கை வரும் வரை யார் சொல்வதையும் கேட்டு நிலத்தை விற்காதீர்கள். கல்யாணத்தை நிறுத்தாதீர்கள். அறிக்கை வந்த பிறகு ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

"காளான் சோதனை செய்தாகி விட்டதா, ஐயா?" என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

குரல்வளையை எடுக்க வேண்டும் என்று சொன்னால், இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மெழுகில் பதித்த சதைத் துண்டும், கண்ணாடித் தகடுகளும் பரிசோதனைக் கூடத்தில் பத்திரமாக இருக்கும். அவற்றை வாங்கிக் கொண்டு போய், புற்று நோய்க்கென்றே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம். அதற்குச் சில நாள் போதும். அங்கேயும் புற்று நோய்தான் என்று சொன்னால், துணிந்து சிகிச்சைக்கு உடன்படுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்த தொண்டைப் புற்று நோய் குணமாகக் கூடியது. அதில் பலர் குரலோடு பிழைத்திருக்கிறார்கள்.

பயம் புற்றைக் குணப்படுத்தாது. அலட்சியம் காளானைக் குணப்படுத்தாது. எது என்று தெரிந்து கொண்டால், இரண்டுக்குமே வழி இருக்கிறது. தெரிந்து கொள்ள ஒரு துணுக்கு வேண்டும். அந்தத் துணுக்கில் இரண்டையும் தேடும் ஒரு கண் வேண்டும்!